செவ்வாய்க்கிழமை யாருடைய முறை

செப்டம்பர் 21, 1992. திங்கள்

கடும் வெயில். காற்று ஒரு சொட்டும் இல்லை.

பல்கலைக்கழகப் பீடத்துத் தொட்டியில் இரண்டு தவளை செத்துக் கிடந்தன. மிச்சம் மூன்று. மழை வரும்வரை கிணற்றுத் தவளைதான், அதையும் பிடித்துத்தர ஆள் இல்லை.

பரிசோதனை இன்றும் பிழை. தவளைக் காலின் நரம்பை வேகவேகமாகத் தூண்டினால் தசை துள்ளும். துள்ளல் மெல்லக் குறையும், நிற்கும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி துள்ளும். அந்த ஓய்வுக்குள் நரம்பின் முனையில் என்ன நடக்கிறது, எவ்வளவு கெதியில் நடக்கிறது என்பதுதான் என் ஆய்வு. மின்சாரம் இல்லை. போர்த் தடையால் பற்றரியும் வருவதில்லை. ஆகவே சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவில் கம்பி இழுத்து, அதில் நரம்பைத் தூண்டல். மிதிப்பவர் யேசுதாசன், ஆய்வுகூட உதவியாளர், குருநகர்க் கடற்கரை ஆள். அவர் மிதிப்பு தளர்ந்தால் என் கணக்கும் தளரும்.

"மிஸ், களைச்சது தவளையோ நானோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் எரிச்சல் வந்தது.

வடித்த நீரும் போன மாதமே முடிந்துவிட்டது. கிணற்று நீரில் உப்புக்கரைசல் செய்தேன். எங்கள் கிணறுகளில் முழுக்கச் சுண்ணாம்பு. கல்சியம் கூடினால் நரம்பு முனை இரசாயனத்தைக் கூடுதலாகக் கொட்டும். கடந்த மாதத்து அளவுகள் எல்லாம் குப்பை.

தேவை: விளக்குத் திரி. ஜாம் போத்தல் (பழையது வெடித்துவிட்டது). சவர்க்காரம் கிடைத்தால். இல்லாவிட்டால் மறுபடி பனங்காய்தான், சட்டையெல்லாம் மஞ்சள்.

செப்டம்பர் 22. செவ்வாய்

இரண்டாம் வருடத்துக்கு வகுப்பு. நரம்பு முனைக்குள் புடகங்கள், அதாவது இரசாயனம் நிரம்பிய நுண்ணிய பைகள். மூளையின் கட்டளை வந்ததும், சுவரோரம் தயாராக நிற்பவை சுவரோடு ஒட்டித் திறந்து உள்ளே இருப்பதைத் தசையின்மேல் கொட்டும். தசை சுருங்கும். கொட்டிய பையின் தோல் சுவரோடு சுவராகிவிடும். அதைக் கிள்ளி உள்ளே எடுத்து, மறுபடி நிரப்பி, வரிசையில் கொண்டுபோய் விடவேண்டும். இந்த வேலை நிற்காமல் நடப்பதால்தான் நாங்கள் எழுதுகிறோம், மெல்லுகிறோம், மூச்சு விடுகிறோம். ஒரு பெட்டை கொட்டாவி விட்டாள். அதற்கும் புடகம் வேண்டும் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்னேரம் அண்ணை வந்தார். புத்தூரில் இருந்து மருதனார்மடத்தில் என் அறைவரை, இந்த வெயிலில் சைக்கிளில். ஒரு பை கத்தரிக்காயும் ஒரு பை கோபமும்.

எங்களுடையது பங்குக் கிணறு. பங்குகாரர் ஒவ்வொருவருக்கும் கிழமையில் இன்ன நாள் முறை, விடிந்ததில் இருந்து விளக்கு வைக்கும்வரை. அன்று அந்தத் தண்ணீர் அவருக்கு. செத்தவீடு வந்தாலும் முறை மாறாது, முறைக்குள் வேறு ஆள் கை வைக்கக்கூடாது. செவ்வாய்க்குரியவர் போன வருடம் கனடா போய்விட்டார். போகும்போது தன் செவ்வாயை அண்ணைக்கும் வாயால் கொடுத்துவிட்டார், பக்கத்துத் தோட்டத்து ராசையருக்கும் வாயால் கொடுத்துவிட்டார். அன்றில் இருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

"விடியவே இறைக்கிற மெசினைக் கொண்டந்து இறக்கிப்போட்டான் உவன் ராசையன். நான் போகேக்கை பாதிக் கிணறு வத்திப்போட்டுது."

"அண்ணை, ரண்டு பேரும் கிழமை மாறி இறைச்சால் என்ன?"

"உனக்குத் தவளையைப் பற்றித்தான் தெரியும். நீ சும்மா இரு."

இனிமேல் இரவில் கிணற்றடிக் கொட்டிலில்தான் படுக்கையாம், ராசையர் மெசின் இறக்காமல் காவல். சொல்லிக் கேட்கிற மனிதன் இல்லை. தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

செப்டம்பர் 24. வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

விடிய, கொட்டிலில் இருந்து அண்ணை வயிற்றுவலியோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். மச்சாள், அண்ணையின் மனைவி, ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு இமைகள் கீழே விழுந்தன. பேச்சுக் குழறியது. கள்ளு என்று நினைத்து மச்சாள் நல்லாக ஏசிவிட்டார். கொடுத்த தண்ணீர் மூக்கால் திரும்பி வந்தபோதுதான் பயந்து, ஓடிப்போய்க் கொட்டிலில் பாயை உதறிப் பார்த்திருக்கிறார்கள். எட்டடி விரியன், அதாவது கட்டுவிரியன். அது கடித்தால் நோகாது. கடித்த இடமும் தெரியாது.

மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் கார், வழியில் இரண்டு தரம் நின்றதாம். பீடத்துக்கு ஆள் வந்து சொல்லி, நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அண்ணையின் நெஞ்சு அசைவது குறைந்துகொண்டிருந்தது. தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். விஷமுறிவு ஊசி இருந்தது, பெரிய புண்ணியம். மூச்சு இயந்திரம் ஒன்றே ஒன்று, அதுவும் பழுது. பாகம் வரவேண்டும், இந்தத் தடையில் வர விடமாட்டார்கள். ஆகவே கைதான். குழாயின் நுனியில் ஒரு ரப்பர்ப் பை. அழுத்தினால் மூச்சு உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். நிறுத்தினால் ஆள் முடிந்தார்.

"இதை இரவு பகலா ஆர் அமத்துறது?" டொக்டர் கேட்டார். இளம் ஆள், கண் சிவந்து கிடந்தது.

"நாங்கள்," என்றேன்.

எத்தனை நாளைக்கு என்று வீட்டார் கேட்டதற்கு, ரண்டு மூண்டு நாள் என்றேன்.

செப்டம்பர் 25. வெள்ளி

என்ன கேலி இது. தவளையில் நான் வருடக்கணக்காகச் செய்ய முடியாததை ஒரு பாம்பு அண்ணையில் ஒரே இரவில் செய்துவிட்டது.

இந்த விஷம் நரம்பு முனைக்குள் போய்ப் புடகங்களைக் கொட்டவைக்கும். பிறகு நிரப்புகிற வேலையை நிறுத்திவிடும். கொட்டிய பையின் தோலைக் கிள்ளி எடுக்க விடாது. முனை வெறுமை. ஊசி, இரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடிக்கும், முனைக்குள் போய்விட்டதைப் பிடிக்காது. முனை தானே தன்னைச் சரிப்படுத்தி, தானே நிரம்பவேண்டும். அதுவரைக்கும் அண்ணையின் மூச்சு எங்கள் கையில்.

இன்னொன்று. விஷம் மூளைக்குப் போகாது. அண்ணை உள்ளே முழித்துக்கொண்டு இருக்கிறார். இமை தூக்க முடியாது, விரல் அசைக்க முடியாது, காது கேட்கும். இதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. மச்சாளின் சித்தப்பா கட்டில் காலடியில் நின்று கதைக்கிறார்:

"சுடலைக்குக் கட்டை அரியிறதெண்டால் இப்பவே சொல்லிவைக்க வேணும். பிறகு விறகு எடுக்கேலாது."

"சித்தப்பா, அவருக்குக் கேக்குது!"

"கேட்டால் என்ன பிள்ளை, நடக்கப்போறதைத்தானே சொல்லுறன்."

பால்மாப் பெட்டி மட்டையைக் கிழித்து எழுதினேன்: இவருக்குக் காது கேட்கும். பார்த்துக் கதைக்கவும். கட்டில் கம்பியில் கட்டி, நின்ற எல்லாருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினேன். தலையாட்டினார்கள். அரை மணித்தியாலம் கழித்துச் சித்தப்பா விறகுக்கே திரும்பிவிட்டார்.

செப்டம்பர் 27. ஞாயிறு

நேற்று முன்தினம் வாசல் நிறையச் சனம். நேற்றுப் பாதி. இன்று காலை நான், மச்சாள், யேசுதாசன். அவ்வளவுதான். வருகிறவர்களும் ஒழுங்கில்லை. ஒருவர் உமி ஊதுகிற மாதிரி வேகமாக அழுத்துகிறார். இன்னொருவர் கதை சொல்லிக்கொண்டே மறந்துபோகிறார். ஏசினால் முகத்தைத் தூக்குகிறார்கள்.

மச்சாளின் உள்ளங்கை வீங்கிவிட்டது. என் பெருவிரல் மடங்கவில்லை. பேனை பிடிக்கவும் நோகிறது.

இரண்டு மணிபோல பொம்பர் விமானம் சுற்றியது. ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாரும் கட்டிலுக்குக் கீழே. என் கையில் பை. நான் எங்கே போவது? மேலே இருந்து அழுத்திக்கொண்டு, அண்ணையைத் திட்டிக்கொண்டு இருந்தேன். "கொட்டிலுக்கை போய்ப் படுத்தியள், இப்ப நான் நடு வாட்டிலை குந்தியிருக்கிறன், நல்லா இருக்கோ?" குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. தூசி மட்டும் வந்தது.

பின்னேரம்தான் யோசனை வந்தது. தண்ணீர் முறைக்கென்றால் விடியமுன் வாளியோடு வந்து நிற்கிற சனம், மூச்சுக்கு ஏன் வராது? முறை வைக்காதபடியால். உடனே ஒரு தாள் எடுத்தேன். கிணற்றில் யாருக்கு எந்த நாளோ, இங்கேயும் அவருக்கு அதே நாள். பகல் அவர் வீட்டு ஆட்கள். இரவு நாங்களும் யேசுதாசனின் கோயில் ஆட்களும். "கடலுக்குப் போகேலாமல் எங்கடை சனம் சும்மாதான் மிஸ் இருக்குது, துடுப்பு வலிச்ச கை," என்றார் யேசுதாசன்.

செவ்வாயை மட்டும் வெறுமையாக விட்டேன்.

செப்டம்பர் 28. திங்கள்

முறை வேலை செய்கிறது! திங்கட்கிழமைப் பங்குகாரர் விடியவே வந்துவிட்டார், மகனோடு, சாப்பாட்டுப் பார்சலோடு. இதைத்தான் முதல் நாளே செய்திருக்கவேண்டும்.

டொக்டர் சந்தோசத்தைக் கெடுத்தார். இமையைத் தூக்கி லைற் அடித்தார். கண்மணி பெரிதாய் விரிந்து கிடந்தது, சுருங்கவில்லை. என்னை வெளியே கூப்பிட்டார்.

"மிஸ், கண்மணி வேலை செய்யேல்லை. மூளை செத்துப்போட்டுது போலை கிடக்கு."

"கண்மணியைச் சுருக்கிறதும் தசைதானே டொக்டர். அதுக்கும் நரம்பு முனை இருக்கு. அந்த முனையும் வெறுமையாக் கிடக்கலாம்."

"நீங்கள் புத்தகத்திலை சொல்லுறியள். எனக்கு இந்த வாட்டிலை தெரிஞ்சதைச் சொல்லுறன்."

"என்ன தெரியும் உங்களுக்கு? முழிச்சிருக்கிற மனுசனைப் பிரேதம் எண்டுறியள்."

கத்திவிட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பாவம், இரண்டு வாட்டுக்கு அவர் ஒருவர். ஆனாலும் கோபம் தீரவில்லை. நான் ஊசி போடுகிற டொக்டர் இல்லை, தவளை மிஸ். என் சொல் எடுபடாது.

செப்டம்பர் 29. செவ்வாய்

இதை எழுதினால் ஆராவது நம்புவார்களோ தெரியாது.

விடிய மச்சாள் அழுத்திக்கொண்டிருக்க, வாசலில் ராசையர். தோய்த்த வேட்டி, விபூதி, தோளில் துவாய். சுகம் விசாரிக்க என்று நினைத்தேன். நேரே கட்டிலடிக்கு வந்தார்.

"தள்ளு பிள்ளை. செவ்வாய் என்ரை முறை."

மச்சாள் அழுத்தலை விடாமல் பையை இறுக்கிப் பிடித்தார். என்னைப் பார்த்து: "விடாதையுங்கோ மச்சாள்! இண்டைக்கு இதை அமத்தினால் நாளைக்கு ஊர் விதானையிட்டைப் போய், செவ்வாய்க்கிழமை நான்தான் செய்தனான், சாட்சி இருக்கு எண்டு நிப்பான்."

"அப்பிடித்தான் சொல்லுவன். என்ரை நாளை என்ரை நாள் எண்டு சொல்லாமல் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"என்ரை கை முறிஞ்சாலும் பரவாயில்லை, செவ்வாயை நான்தான் அமத்துவன்."

வீங்கின கையோடு சொல்கிறார். அண்ணையின் உயிர் நடுவில் கிடக்கிறது, இவர்கள் தண்ணீருக்கு உறுதிப்பத்திரம் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டு பேரையும் தூக்கி அதே கிணற்றுக்குள் போட்டால் என்ன என்று இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். என் விரல் அண்ணையின் மணிக்கட்டில் இருந்தது. நாடி குதிரை மாதிரி ஓடியது. ராசையர் வாய் திறக்கமுன் அமைதியாக இருந்த நாடி.

"ராசையாண்ணை, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"செவ்வாய் ஆருடையது எண்டு."

"செவ்வாய் என்ரை."

மறுபடி ஏறியது. வேறு என்ன வேண்டும்! டொக்டரைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "காய்ச்சல் தொடங்குது மிஸ், அதிலையும் நாடி ஏறும்," என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இருந்தது. அதுதான் ஆத்திரம். அவர் சொல்வதும் பிழை இல்லை.

கடைசியில் மச்சாளின் கையில் இருந்து நானே பையை வாங்கி ராசையரிடம் கொடுத்தேன். மச்சாள் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ராசையர் விளக்கு வைக்கும்வரை அசையாமல் இருந்தார். நல்லாகத்தான் அழுத்துகிறார். சீராக, மெதுவாக. அதுவும் எரிச்சல்.

அக்டோபர் 1. வியாழன்

பீடத்தில் நவராத்திரிப் பூசை, அவலும் கடலையும். போகவில்லை. யேசுதாசன் ஒரு கடதாசிச் சரையில் கொண்டுவந்து தந்தார்.

தவளைகள் மூன்றும் செத்துவிட்டன. தொட்டித் தண்ணீர் மாற்ற ஆள் இல்லை.

காய்ச்சல் குறையவில்லை. சளி. காலால் மிதித்து உறிஞ்சுகிற கருவியின் தோல் கிழிந்து, சைக்கிள் ரியூப் ஒட்டி வைத்திருக்கிறோம்.

மச்சாள் இன்று கதைத்தார். "சாப்பிட்டியளோ?" ஒரு சொல்தான்.

அக்டோபர் 3. சனி

பீடத்து அலுமாரியில் பழைய கட்டுரைப் பிரதி ஒன்றைத் தேடி எடுத்தேன். முன்பு படித்ததுதான், அப்போது அண்ணை இல்லாமல் படித்தேன். விஷம் புடகங்களை வெறுமையாக்குவதோடு நிற்காது. கொஞ்ச நாளில் நரம்பு முனையே அழிந்துபோகும். நிரம்புவதற்கு முனையே இல்லை. புது முனை வளர்ந்து வரவேண்டும், பிறகு அதற்குள் புடகம் உருவாகவேண்டும். நாட்கள் அல்ல, கிழமைகள் ஆகலாம்.

வீட்டாருக்கு நான் என்ன சொன்னேன்? "ரண்டு மூண்டு நாள்." தவளைக்கு நிமிடக் கணக்கு என்பதால் அண்ணைக்கும் ஏதோ அப்படி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது பங்குகாரர் கேட்கிறார்கள்: "எப்ப பிள்ளை? நீர் சொன்ன நாள் முடிஞ்சுபோட்டுதே."

நாடியும் இப்போது எதற்கும் ஏறுவதில்லை. எந்நேரமும் ஓட்டம்தான். செவ்வாய் என்று காதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அக்டோபர் 5. திங்கள்

ரப்பர்ப் பையின் வால்வு கசிகிறது. துணி சுற்றி அழுத்துகிறோம். இரண்டு அழுத்தலுக்கு ஒரு மூச்சுத்தான் போகிறது.

திங்கட்கிழமைப் பங்குகாரர் வந்தார், மத்தியானத்தோடு போய்விட்டார். வெங்காயம் நடுகையாம். குறை சொல்ல முடியாது. மிச்சத்தை நான்.

அண்ணையின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மெழுகு. தாடி வளர்ந்து வேறு யாரோ மாதிரி.

அக்டோபர் 6. செவ்வாய்

காலையில் டொக்டர் மச்சாளையும் என்னையும் கூப்பிட்டார். இந்த முறை நான் கத்தவில்லை. "இண்டைக்குப் பின்னேரம் ஒரு முடிவெடுப்பம்," என்றார். மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுறதுதான் மச்சாள். நீங்கள் படிச்சனீங்கள்."

படித்தேன். படித்ததால்தானே இத்தனை நாள் எல்லாரையும் பிடித்துவைத்து அந்த உடம்பை வதைத்தேன்.

உள்ளே போனேன். ராசையரின் முறை. அவர் கை, பை, கை. என்னால் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"காணும் ராசையாண்ணை. கையை எடுங்கோ. அண்ணை போயிட்டார். இது வெறும் உடம்பு. எனக்கு இனி ஏலாது."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ரை முறை முடியேல்லை, பிள்ளை."

"நான் சொல்லுறன், விடுங்கோ எண்டு. நான் தங்கச்சி. நான்தான் சொல்ல வேணும்."

"விளக்கு வைக்குமட்டும் என்ரை. முறைக்குள்ளை கை வைக்காதை. உன்ரை அண்ணைக்கும் இதைத்தான் சொன்னனான்."

பையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் கையைத் தள்ளிவிட்டார். அழுத்துவதை விடவில்லை. வாட்டில் எல்லாரும் பார்த்தார்கள். வெட்கம், ஆத்திரம், எல்லாம். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் போய் நின்று அழுதேன்.

பின்னேரம் எங்கோ ஷெல் விழுந்து காயக்காரர் வந்து குவிந்தார்கள். டொக்டர் எங்கள் பக்கமே வரவில்லை. ராசையர் எழும்பும்போது யேசுதாசனும் அவருடைய ஆட்களும் வந்து இருந்தார்கள். பை அப்படியே அவர்கள் கைக்கு மாறியது.

அக்டோபர் 7. புதன்

மழை! முதல் மழை. வாட்டுக் கூரை ஒழுகி, கட்டிலை இழுத்துப் போட்டோம்.

இழுக்கும்போது மச்சாள் கத்தினார்: "கால்! கால்!"

இடது காலின் பெருவிரல் அசைந்ததாம். கட்டில் ஆடியதால்தான் என்றேன். மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணையின் காதடியில் குனிந்தார்.

"இஞ்சேருங்கோ. கேக்குதெண்டால் ஒருக்கா ஆட்டுங்கோ."

ஆடியது. நெல்மணி அளவுக்கு. ஆனால் ஆடியது.

நான் ஓடினேன். டொக்டர் இரத்தம் பட்ட சட்டையோடு வந்தார். "தற்செயலா இருக்கும்," என்றார், ஆனால் குனிந்து பார்த்தார். மச்சாள் விடவில்லை.

"செவ்வாய் ராசையருக்கு எண்டால் ஆட்டுங்கோ."

ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு எண்டால் ஆட்டுங்கோ."

விரல் ஆடியது. டொக்டர் சிரித்தார். முதல் தரம் அந்த மனிதன் சிரித்ததைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சித்தப்பா விறகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முனைகள் நிரம்பத் தொடங்கிவிட்டன. முதலில் கொஞ்சம், சுவரோர வரிசைக்கு மட்டும் காணும் அளவுக்கு. இரண்டு தரம் விரலை ஆட்டினால் மூன்றாம் தரம் ஆடாது. ஓய்வு கொடுத்தால் ஆடும். என் தவளை மாதிரியே! எத்தனை தரம் ஆடுகிறது, எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று குறிக்கத் தாள் எடுத்தேன். மச்சாள் தாளைப் பறித்துவிட்டார்.

அக்டோபர் 8. வியாழன்

இமை பாதி திறக்கிறது. பின்னேரமானால் மறுபடி விழுகிறது.

நேற்று முழுக்க ஒரே சந்தோசம். இன்று காலையில் சைக்கிளில் வரும்போது திடீரென்று செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. நான் சொன்னது. எங்கே நின்று சொன்னேன்? கட்டிலின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? காதில் இருந்து எவ்வளவு தூரம்? காய்ச்சல் மயக்கத்தில் இருந்திருப்பார். கேட்டிருக்காது.

மட்டை இன்னும் கட்டில் கம்பியில் தொங்குகிறது. ஈரத்தில் மை ஊறிப்போய்விட்டது.

அக்டோபர் 9. வெள்ளி

நெஞ்சு தானாக அசைகிறது. டொக்டர் பையைக் கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றுகிறார். "அவசரப்படக்கூடாது மிஸ், உங்கடை புடகம் நிரம்பட்டும்," என்றார். புடகம் என்றார்! வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

அண்ணையின் கண் திறந்திருக்கிறது. மச்சாளைப் பார்க்கிறார், யேசுதாசனைப் பார்க்கிறார். நான் போய் நின்றால் கூரையைப் பார்க்கிறார். தற்செயலாக இருக்கலாம்.

அக்டோபர் 11. ஞாயிறு

காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். மழை விட்டு நல்ல வெயில்.

பங்குகாரர் எல்லாரும் வந்திருந்தார்கள், கல்யாணவீடு மாதிரி. ராசையர் கடைசியாக, வாசலோடு நின்றார். அண்ணை கையை அசைத்துக் கூப்பிட்டார். குரல் ஓலைச் சத்தம்போல, குனிந்தால்தான் கேட்கிறது.

"செவ்வாயிலை பாதி."

"முழுசும் என்ரை," என்றார் ராசையர். குரல் உடைந்துபோய் இருந்தது.

"பாதி. மத்தியானம்வரைக்கும் நீ."

"விடியப்புறம் தண்ணி ஊறியிருக்கும். நல்ல பாதியைத் தாறாய்."

"ஓம்."

மச்சாளுக்குத் திறந்த வாய் மூடவில்லை. ராசையர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் ஒரே கதை. சித்தப்பா சொன்னது, பங்குகாரர் மத்தியானத்தோடு போனது, யேசுதாசனின் ஆட்கள் பாடிய பாட்டு, எல்லாம் அண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர்கள் வாயில் கை வைத்தார்கள். "மிஸ் சொன்னது மெய்தான்," என்றார் யேசுதாசன். நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் பேணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

மத்தியானம் மச்சாள் சாப்பாடு எடுக்கப் போக, நானும் அவரும் மட்டும். பேணியில் தண்ணீர், கரண்டி. ஒரு கரண்டி, ஓய்வு, ஒரு கரண்டி. விழுங்கக் களைக்கிறார்.

"தங்கச்சி."

"ஓம் அண்ணை."

"அந்த மட்டை நீதானே எழுதினனி."

"ஓம்."

"கம்பியிலை கட்டேக்கை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனி. கேட்டுது."

கரண்டி கையில் நின்றது. அவர் மூச்சு வாங்கினார். இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"பிறகு போன செவ்வாய் ஏன் நீ அதை வாசிக்கேல்லை?"

அண்ணை வாயைத் திறந்தார். அடுத்த கரண்டித் தண்ணீரைக் கொடுத்தேன்.